பல்லக்காவுக்கு வந்த ‘நில்’

எங்கள் சபையில் யாரும் சொந்தமாக ஒரு முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. வீடு மாறுவதா வேண்டாமா, முட்டியில் அறுவை செய்துகொள்வதா வேண்டாமா, பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது, எல்லாம் உறைக்குள் போக வேண்டும். கேள்வியைச் சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே பெயர் எழுதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலருகே இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். பாஸ்டர் அந்த உறைகளைப் பிரிக்க மாட்டார். அதுதான் எங்கள் பெருமை. பிரிக்காமலே கைவைத்து ஒரு வாரம் ஜெபிப்பார். அடுத்த ஞாயிறு உறை திரும்பி வரும், பின்பக்கத்தில் ஒரே ஒரு சொல்லோடு. ‘போ’, அல்லது ‘நில்’. கீழே ஒரு வசன எண். விளக்கம் வேண்டியவர்கள் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குப் போகலாம். உறையை அப்படியே வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். பிரித்தால் விசுவாசக் குறைவு.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கூடம். ரப்பர் வாசனைக்கு நடுவில்தான் பரலோகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறந்த ஊரை விட்டு வேற்று நாட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும். தபாலில் அரசு முத்திரை போட்ட ஒரு காகிதம் வந்தால் வாசிப்பதற்கு முன்பே பாஸ்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள். தப்பாக ஒரு படிவத்தை நிரப்பிவிட்டால் மொத்தக் குடும்பத்தையும் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பயந்து, கடைசியில் எதையுமே நிரப்பத் தெரியாதவர்களாகிவிட்டோம். எங்களுக்காக ஒருவர் முடிவெடுக்கிறார் என்றால் அது எவ்வளவு நிம்மதி. அந்தப் பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

பிரிக்காமலே அவருக்கு எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. செவ்வாய், புதனில் பாஸ்டரம்மா தொலைபேசியில் கூப்பிடுவார். உனக்கு ஏதோ பாரம் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது என்று ஆரம்பிப்பார். ஒன்றரை மணி நேரத்தில் பாரம் முழுக்க அவர் காதில் இறங்கிவிடும். ஞாயிறன்று அதுவே பாஸ்டருக்கு வெளிப்பாடாக ஏறும். இந்த ஏற்றுமதி இறக்குமதி எங்கள் கண்முன்னேதான் நடந்தது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம், ஜெபம் என்று நினைத்து.

எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு ‘நில்’ உண்டு. வெல்டர் ஒருவருக்கு முட்டி அறுவைக்கு ‘நில்’ வந்தது. இப்போது அவரால் நிற்கத்தான் முடியவில்லை. பல்லக்காவின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது ‘நில்’. அந்தப் பெண் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த வருடம் அம்மாவிடம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவே இல்லை.

பல்லக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். ஐம்பதை நெருங்குகிறவர். கணவர் போய்ப் பதினொரு வருடம். ஒரு சந்துக்குள் இரண்டாவது மாடியில் இருக்கும் பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. பிளாஸ்டர் தாடையின் மேல் மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, கடித்தால் எங்கே இடிக்கிறது என்று நீலத்தாள் வைத்துப் பார்த்து, அரை மயிரிழை சீவி எடுப்பார். ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட பல்லில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர் யார் என்று தெரியாமலே.

பாஸ்டரின் மேல்வரிசையும் அவர் செய்ததுதான். நாங்கள் எல்லாம் பாஸ்டரின் முகத்தைப் பார்த்தவர்கள். பல்லக்கா அவருடைய வெறும் வாயைப் பார்த்தவர். அச்செடுக்க வந்தபோது இருப்பதிலேயே வெள்ளையான பல் வேண்டும் என்று பாஸ்டர் கேட்டிருக்கிறார். அந்த வெள்ளை மேடை ஏறுகிறவர்கள் கேட்பது, வயதுக்கு ஒட்டாது என்று பல்லக்கா சொல்லிப் பார்த்தார். மேடை ஏறுகிறவன்தானே நான் என்றாராம். முன்பல் இரண்டும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. அதன் பலனாக, பரிசுத்தம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஒரு சின்ன விசில் அடிக்கும். முன்வரிசைக்காரர்கள் அதையும் அபிஷேகத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வாயைத் தன் கையால் கட்டிக் கொடுத்தவர், அந்த வாயிலிருந்து வரும் சொல்லுக்கு நடுங்கினார். ஆறு வருடமாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடித்து நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போவார். பாஸ்டரம்மாவின் தாயார் அங்கே படுத்த படுக்கை. உடம்பு துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, ஏழு மணிக்குத்தான் தன் வீட்டுக்குப் போவார். அதற்கு ஊழியம் என்று பெயர். அந்த நேரத்தில் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்ப்பார்கள். அதற்குப் பெயர் ஓய்வு.

இந்த வாழ்க்கைக்குள்தான் பஸ் ஓட்டுநர் வந்தார். வந்ததே ஒரு கூத்து. ஒருநாள் பல்லக்கா நான்கைந்து பிளாஸ்டர் அச்சுகளை எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தார். பை கிழிந்து பஸ் முழுக்கத் தாடைகள் உருண்டன. ஓட்டுநர் ஓரமாக நிறுத்தி இறங்கி வந்து, இருக்கைக்கு அடியில் கிடந்ததை எல்லாம் பொறுக்கிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இவர் மட்டும் சிரிக்கிறாருங்க, மத்தவங்க எல்லாம் கோவமா இருக்காங்க,” என்றாராம். பல்லக்கா பதினொரு வருடத்தில் முதல்முறையாகப் பொது இடத்தில் சத்தமாகச் சிரித்தார்.

அவரும் மனைவியை இழந்தவர். ஊரின் அந்தக் கோடியில் இருபது பேர் கூடும் ஒரு ஜெப வீட்டுக்குப் போகிறவர். எட்டு மாதம் பழகிய பிறகு, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நேராகக் கேட்டுவிட்டார். பல்லக்காவுக்கும் விருப்பம்தான். ஆனால் விருப்பம் இருந்தால் மட்டும் போதுமா? இரண்டு வாரம் தாருங்கள், உறையில் போட்டுக் கேட்க வேண்டும் என்றார். ஓட்டுநருக்கு இந்த முறையை விளக்கவே ஒரு முழுச் சுற்று பஸ் ஓட வேண்டியிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அவர், “ஆண்டவர்கிட்ட கேக்குறது நல்லதுதாங்க. ஆனா ஏன் தபால்ல?” என்று மட்டும் கேட்டார்.

மகள் இன்னும் மோசம். “உன் சம்மதம் இருக்கு, அவர் சம்மதம் இருக்கு. நடுவுல பாஸ்டர் யாரும்மா, உனக்கு மாமனாரா?” என்றாள். பல்லக்கா அவள் வாயை அடக்கினார். முன்பு ஒருமுறை கேட்காமல் ஏதோ செய்து கெட்டுப்போனவர் அல்ல அவர். கேட்காமல் எதையுமே செய்ததில்லை. அதனால்தான் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் பயம்.

சனிக்கிழமை மதியம், வேலை மேசையிலேயே சீட்டை எழுதினார். ஆறு வரி. இந்த மனிதரை நம்பிப் போகலாமா, ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று கடைசி வரி. எழுதி நான்காக மடித்த நேரத்தில் மருத்துவரிடமிருந்து ஒரு அவசர வேலை வந்தது. ஒரு பெரியவருக்கு மேல்வரிசை, மெழுகில் போட்டுப் பார்த்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை மாட்டியாக வேண்டும். அந்தக் கூடத்தில் ஒவ்வொருவருடைய தாடைக்கும் ஒரு தனித் தட்டு. அச்சும் மெழுகும் மருத்துவரின் சீட்டும் அதே தட்டில் கடைசி வரை கூடவே போகும். மடித்த காகிதம் கையில் இருந்தால் அது தட்டுக்குள் போகும். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை மனதைக் கேட்கவில்லை. தன்னுடைய சீட்டைப் பெரியவரின் தட்டில் வைத்துவிட்டு, மருத்துவரின் சீட்டை உறையில் போட்டு ஒட்டிவிட்டார். மறுநாள் அந்த உறைக்கு முத்தம் கொடுத்துப் பெட்டியில் போட்டார்.

திங்கட்கிழமை காலை, தமிழ் வாசிக்கத் தெரியாத, அந்த நாட்டுக்காரரான முதலாளி அந்தத் தட்டோடு வந்து நின்றார். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, டாக்டர் கையெழுத்து வரவர மோசமாகிவிட்டது, இதில் பல்லின் நிற எண் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அது தன்னுடைய சீட்டு என்று பல்லக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. உடனே சபையின் மரப்பெட்டிக்குச் சாவி வைத்திருக்கும் பெட்டிக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பெட்டிக்காரர் பகலில் ஒரு கிடங்கின் வாயிற்காவலர். எங்கே போனாலும் சாவி வைத்திருப்பதுதான் அவர் பிறவிப் பயன். என் உறையை மட்டும் திருப்பித் தர முடியுமா என்று காரணம் சொல்லாமல் கேட்டதற்கு, பெட்டிக்குள் போனது ஆண்டவர் கைக்குள் போன மாதிரி என்று சொல்லி வைத்துவிட்டார். மருத்துவரிடமே தொலைபேசியில் விவரம் கேட்டுப் பெரியவரின் பல்லை முடிக்க வேண்டியதாயிற்று.

புதன்கிழமை பாஸ்டரம்மா வழக்கம்போலப் பாரம் விசாரித்தார். பல்லக்கா ஓட்டுநரைப் பற்றி எல்லாம் சொன்னார். சீட்டு மாறியதை மட்டும் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கும் எண்ணமெல்லாம் இல்லை, வெட்கம். வாழ்க்கையில் கேட்ட பெரிய கேள்வி, அதற்குப் பதிலாகப் பல் செட்டின் சீட்டை அனுப்பியிருக்கிறோமே என்ற வெட்கம். பாஸ்டர் ஐயா எப்படியும் கைவைத்ததும் தெரிந்துகொள்ளப் போகிறார், நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உண்மையாகவே நம்பினார். ஞாயிறன்று பாஸ்டர் புன்னகையோடு, உறைக்குள் ஏதோ மாறிப்போயிருக்கிறது, வேறு எழுதிக்கொண்டு வா என்று சொல்லப்போகிறார் என்று அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

ஞாயிறு உறை வந்தது. ‘நில்’.

பல்லக்கா சின்ன அறைக்குப் போனார். பாஸ்டர், பாஸ்டரம்மா, கதவருகே பெட்டிக்காரர். பாஸ்டர் கண்ணை மூடி, திறந்து, பெருமூச்சு விட்டுச் சொன்னார்.

“உன் எழுத்தையே ஆண்டவர் எனக்குக் காட்டினார், சகோதரி. கடைசி வரியில கண்ணீர் பட்டு மை கலைஞ்சிருக்கு. அந்த மனுஷன் உனக்கு வேண்டாம். உனக்கு இங்க ஒரு ஊழியம் இருக்கு. நீ போயிட்டா அதை யார் பார்ப்பா?”

“என் எழுத்தாங்க ஐயா?”

“உன் எழுத்தேதான்.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“இப்ப உன்னைப் பார்க்கிற மாதிரி.”

பல்லக்கா உறையைக் கிழித்தார். பெட்டிக்காரர் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். பல்லக்கா சீட்டை விரித்து மேசையில் வைத்து, பாஸ்டர் பக்கம் திருப்பி, விரலால் நகர்த்தினார்.

“இது டாக்டர் சீட்டுங்க ஐயா. தப்பா வெச்சிட்டேன். ஒரு பெரியவருக்கு மேல்வரிசை. முடிக்கச் சொல்லி டாக்டர் எழுதினது. நீங்க நிக்கச் சொல்லிட்டீங்க. ஆனா அவர் வெள்ளிக்கிழமையே மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.”

பாஸ்டர் நாக்கால் தன் மேல்வரிசையைத் தூக்கி உட்கார வைத்தார். பேச்சு வராதபோது அவர் செய்வது அது. பாஸ்டரம்மாதான் முதலில் சுதாரித்தார். “உறைக்குள்ள என்ன இருந்தா என்னம்மா? ஆண்டவர் மனசைப் பார்க்கிறவரு. உன் சீட்டு எங்க இருந்தாலும் அவருக்குத் தெரியாதா?”

பல்லக்கா சற்று யோசித்தார். வாதாடுகிற பெண் இல்லை. கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு அது பொருந்துகிறதா என்று பார்ப்பவர்.

“தெரியும்தான். அப்ப உறை எதுக்குங்க? பெட்டி எதுக்கு? நடுவுல நீங்க எதுக்கு?”

பாஸ்டருக்கு இப்போது குரல் வந்துவிட்டது. என் ஜெபத்தின் நிழலை விட்டு வெளியே போகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை என்றார். இதுவரைக்கும் எதற்குப் பொறுப்பாக இருந்தீர்கள், வெல்டர் அண்ணன் முட்டிக்கா, என் பிள்ளை இழந்த ஒரு வருடத்துக்கா என்று பல்லக்கா கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வந்துவிட்டார்.

அவர் படி இறங்குவதற்குள் விஷயம் கீழே இறங்கிவிட்டது. வெட்கப்பட்டிருப்போம் என்று நினைக்காதீர்கள். விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். பாஸ்டர் தெரிந்துகொண்டே அவளைச் சோதித்தார் என்றார் ஒருவர். அந்தப் பெரியவரின் பல் சீக்கிரம் உடையும் பாருங்கள், அப்போது ‘நில்’லின் அர்த்தம் புரியும் என்றார் இன்னொருவர். பாஸ்டர் பார்த்த கண்ணீர் அந்தப் பெரியவருடையது என்று ஒரு மகா மேதை சொன்னார். நொண்டிக்கொண்டே நின்ற வெல்டர் ஆமாம் போட்டார். அடுத்த வாரம் பெட்டியில் வழக்கத்தைவிட அதிக உறைகள் விழுந்தன. ஒட்டுவதற்கு முன் சரியான சீட்டுதானா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டோம். நாங்கள் கற்ற பாடம் அவ்வளவுதான்.

பல்லக்கா மறுநாள் சாயங்காலமும் ஐந்து மணிக்குப் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். சண்டை பாஸ்டரோடு, படுத்திருப்பவரோடு இல்லையே. கதவு திறக்கவில்லை. உள்ளே அந்த அம்மாள் பல்லக்காவைக் கூப்பிடுவது தெருவரை கேட்டது. செய்திச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். ஆறு வருடத்து ஊழியத்தின் மதிப்பை அந்தக் கதவு சொன்னது. பல்லக்கா அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பொய்யை விட்டு எழுந்து வருவது எளிதாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. ‘நில்’ பொய் என்றால் ‘போ’ என்று அர்த்தமா? அப்படியும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். ஓட்டுநர் கேட்ட கேள்வி கேட்டபடியே நின்றது. எழுதிப் போடாமல் எப்படிக் கேட்பது என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வேலை செய்யும் கூடத்தில் பல் செட்டை அச்சுக்குள் இறுக்கிக் கொதிநீரில் இறக்கிவிட்டால் ஒன்றரை மணி நேரம் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார். ஆண்டவரே, நான்தான் என்றார். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் மேசையில் சிந்திய மெழுகைச் சுரண்டினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டுநர் தாடை பொறுக்கிக் கொடுத்தது பிடித்திருந்தது என்றார். வயதானவர்கள் உட்காரும் வரை அவர் பஸ்ஸை எடுக்க மாட்டார் என்றார். கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டார் என்றும் சொன்னார். இன்னொருத்தர் அம்மாவைத் துடைத்துத் துடைத்துத் தனக்கு அலுத்துவிட்டது, அதைச் சொல்ல இத்தனை நாள் வெட்கமாக இருந்தது என்றார். யாருக்கும் சொல்லாததை எல்லாம் சொன்னார்.

தண்ணீர் கொதிக்கும் சத்தம்தான் கேட்டது. வசனம் வரவில்லை, காட்சி வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் அதே முக்காலி, அதே கொதிநீர், அதே மௌனம். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஊழியத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை முக்காலியிலிருந்து எழுந்தபோது தனக்கு என்ன வேண்டும் என்று பல்லக்காவுக்குத் தெரிந்திருந்தது. பயம் அப்படியேதான் இருந்தது.

அன்று மதிய இடைவேளையில் கடைசி நிறுத்தத்துக்குப் போனார். அங்கே பஸ் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். ஓட்டுநர் காலிப் பஸ்ஸில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பல்லக்கா ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

“உங்க ஐயா என்ன எழுதியிருந்தாரு?”

“நில்லுன்னு.”

“சரிங்க,” என்றார் ஓட்டுநர். பாட்டிலை மூட ஆரம்பித்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

“அவர் பேச்சை விட்டுட்டேன். அப்புறம் நானே ஆண்டவர்கிட்ட கேட்டேன்.”

“அவர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. நானா முடிவு பண்ணிட்டேன். கட்டிக்கலாம்.”

ஓட்டுநர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். “ஆண்டவர் ஒண்ணும் சொல்லாம, நாளைக்குத் தப்பா போயிட்டா?”

“தப்பா போனா அவர்கிட்டயே போய் அழுவேன். வேற யார்கிட்ட போவேன்?”

பிறகு ஓட்டுநர், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்கிற குரலில், “எனக்குக் கோவம் வந்தா மூணு நாள் பேச மாட்டேங்க,” என்றார்.

“தெரியும். அதையும் சொல்லியிருக்கேன்.”

“யார்கிட்ட?”

பல்லக்கா தலையை நிமிர்த்திப் பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். ஓட்டுநருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பஸ் கிளம்ப இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. நேரத்துக்கு முன்னால் அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. அன்றும் எடுக்கவில்லை.